ரோடு தெரியாமல் ஹெட் போடுவதில்லை

போன வாரம், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் எனக்கு போன் செய்தார். "அக்கா, டர்போ பூட்டின நாலு சிலிண்டர் வண்டி. ஹெட்டை மாத்தணும்ங்கறாங்க. பெரிய வால்வு வச்ச ரெடிமேடு ஹெட் வாங்கிடலாமா, கம்பெனி ஹெட்டையே எடுத்து வேலை பார்க்கலாமா?" என்று கேட்டார். நான், "வண்டி எங்கே ஓடுது?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. விசாரித்துவிட்டுப் பேசுகிறேன் என்று வைத்தவர் இன்னும் பேசவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மாயவரத்தில் சீர்காழி ரோட்டில் எங்கள் பட்டறை. என் கணவர் லேத்தையும் கிராங்க் வேலையையும் பார்ப்பார். என்ஜினின் மேல் மூடியான ஹெட் வேலை என்னுடையது. ஐடிஐயில் மெஷினிஸ்ட் படித்தது நான்தான். அவர் பட்டறையிலேயே வளர்ந்தவர். என் அப்பா குத்தாலத்துக்குப் பக்கத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர். அவர் மகள் இரும்பைப் பிடித்து நிற்பதைப் பார்க்க ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பேர் சும்மாவே வந்து நின்றார்கள். வேலை சரியாக இருந்ததால் பிறகு வேலையோடு வந்தார்கள்.

ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் எங்களுக்கு நல்ல வருஷம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை. மேட்டூர் திறக்காமல் குறுவை போய்விட்டால், போர்வெல் தண்ணீரை இறைக்க டீசல் என்ஜின்களை மூச்சு விடாமல் ஓட்டுவார்கள். சூடு தாங்காமல் ஹெட் வெடிக்கும். வாசலில் என்ஜின்கள் வரிசையாகக் கிடக்கும். கொண்டுவந்தவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது, ஆனால் வீட்டில் உலை கொதிக்கும். அப்படி ஒரு வருஷத்தில்தான் ரகுவும் இளங்கோவும் அந்தச் சின்ன பெட்ரோல் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

இருவருக்கும் என் தம்பி வயது. அந்த உரிமையில் 'அவன்' என்றே எழுதுகிறேன். இருவரும் சீர்காழிக்குக் கிழக்கே கடலோரம் இருக்கும் ஒரே ஊர்க்காரர்கள். ரகு பழைய மிராசுதார் வீட்டுப் பிள்ளை. இளங்கோ அந்த வீட்டு நிலத்தை மூன்று தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதுவந்த கலியமூர்த்தியின் மகன், பாலிடெக்னிக்கில் ஆசிரியர். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்ச். கோயம்புத்தூர் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே மண் பாதையில் கார் பந்தயம் நடக்கும். அதில் ரகு ஓட்டுவான். பக்கத்து சீட்டில் இளங்கோ உட்கார்ந்து, அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு இறுக்கம் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவான். ஒருவன் கால், இன்னொருவன் கண்.

அவர்கள் அப்பாக்கள் இருவரும் கோர்ட்டில் எதிரெதிராக நின்றார்கள். கடலோரத்தில் வயலை வெட்டி இறால் பண்ணை போடுவது பரவிக்கொண்டிருந்த காலம். ரகுவின் அப்பா நிலத்தைப் பண்ணைக்காரர்களுக்கு விற்க ஏற்பாடு செய்தார். குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்து வெகுகாலம் ஆகிவிட்டிருந்தது. கலியமூர்த்தி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்சி மாறியது, சுவரில் சின்னம் மாறியது, வாய்தா மட்டும் மாறாமல் வந்துகொண்டிருந்தது.

காரில் டர்போ கம்பெனி போட்டது இல்லை, வெளியே பூட்டியது. முந்தைய பந்தயத்தில் ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கட் தகடு ஊதி, தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரில் இரண்டு வால்வுகளுக்கு நடுவே விரிசல். பலகை போல இருக்க வேண்டிய அடிப்பக்கம் வளைந்திருந்தது. அதைச் சரி செய்து மறுபடி பந்தயத்துக்கு அனுப்புவதில் அர்த்தம் இல்லை. வேறு ஹெட் வேண்டும்.

"வெளிநாட்டு ஹெட் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன் அக்கா," என்றான் ரகு. "வால்வு பெருசு. காத்து போற வழியில கையே விடலாம். இன்னைக்குச் சொன்னா பந்தயத்துக்கு முன்னாடி வந்துடும்."

"கையை விட்டு என்ன பண்றது?" என்றான் இளங்கோ. "புது கம்பெனி ஹெட் எடுத்து, வால்வு, அது உட்கார்ற சீட்டு, கேஸ்கட்டு மட்டும் நல்லதாப் போடுவோம். போன தடவை நம்ம வண்டிக்கு மூச்சு பத்தாம நிக்கல. சூடு தாங்காமத்தான் நின்னுது."

நீங்கள் படித்தவர்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை. டர்போ என்பது எக்ஸாஸ்ட் புகையில் சுழன்று காற்றை உள்ளே திணிக்கிற ஒரு விசிறி. வாய் பெரிதான ஹெட் மேல் ஆர்பிஎம்மில், அதாவது என்ஜின் வேகமாகச் சுற்றும்போது, அள்ளிக் குடிக்கும். ஆனால் கீழ் ஆர்பிஎம்மில் அந்த அகலமான வழியில் காற்று சோம்பும், டர்போ விழித்துக்கொள்ளத் தாமதமாகும். வாய் சிறிதானால் சீக்கிரம் விழிக்கும், உச்சியில் திணறும். இரண்டு பேர் சொன்னதும் தவறில்லை. ஹெட்டில் நல்லது கெட்டது என்று தனியாக எதுவும் கிடையாது என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

பேச்சு அங்கேயே நின்றிருந்தால் நான் ஏதாவது ஒன்றைச் சொல்லி முடித்திருப்பேன். நிற்கவில்லை. இளங்கோ மறுத்துக்கொண்டே இருக்க, ரகுவுக்குக் கோபம் ஏறிவிட்டது.

"உங்க வீட்டுல எல்லாருக்குமே இதே பழக்கம்டா," என்றான். "கையில இருக்கறத விடவே மாட்டீங்க."

சொன்னவனுக்கே அது வாயை விட்டுப் போன பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். இளங்கோ கையைப் பழந்துணியில் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான். துணியை மடித்து, விரிசல் விட்ட ஹெட் மேல் வைத்தான்.

"ஆமாடா. விடமாட்டோம்," என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.

ரகு அவன் போவதைப் பார்த்தான். பிறகு, "அக்கா, நீங்க அந்த ஹெட்டையே வரவழைச்சுடுங்க. வண்டி என்னுது," என்றான்.

நியாயமான பேச்சுதான். வண்டிக்காரர் கேட்பதைப் போட்டுக் கொடுப்பது தொழில். பந்தய நாள் கிட்டத்தில் இருந்தது. ஹெட்டை வரவழைப்பதானால் அன்றைக்கே சொல்லியாக வேண்டும். என் கணவர் லேத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவருக்கு அதிகம் பேச வராது. உன் இஷ்டம் என்பது போல மறுபடி குனிந்துகொண்டார்.

"தம்பி, ஒண்ணு சொல்லுங்க," என்றேன். "அந்தப் பாதையில எந்த கியர்ல அதிகமா இருப்பீங்க? என்ஜின் எந்த ஆர்பிஎம்ல அதிகமா ஓடும்?"

யோசித்தான். ரொம்ப யோசித்தான்.

"தெரியல அக்கா. அவன் சொல்வான், நான் ஓட்டுவேன். எனக்கு ரோடு ஞாபகம் இருக்காது. ஒரு வளைவு முடிஞ்சதும் அதை மறந்தாத்தான் அடுத்த வளைவை ஓட்ட முடியும்."

"அப்ப ரோடு தெரிஞ்சவரைக் கூட்டிட்டு வாங்க. ரோடு தெரியாம நான் ஹெட் போடறதில்ல."

அப்படி ஒரு கொள்கை எனக்கு அதற்கு முன்னால் இருந்ததே இல்லை. அந்த நிமிஷம் வாயில் வந்தது. பம்ப் என்ஜினுக்கு ரோடு ஏது?

"கும்பகோணத்துல வேற பட்டறை இருக்கு," என்றான் மெதுவாக.

"இருக்கு. நல்லாவே செய்வாங்க."

அவன் போகவில்லை. டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான். வெகு நேரம் கழித்து, "நான் கூப்பிட்டா வரமாட்டான் அக்கா. நீங்களும் வாங்க," என்றான்.

மறுநாள் காலையில் ரகுவும் நானும் பஸ் ஏறிப் போனோம். வழக்கு வந்த நாளிலிருந்து இளங்கோ வீட்டு வாசலைத் தான் மிதித்ததில்லை என்று வழியில் சொன்னான். அதற்கு முன்னால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாதி நாள் அங்கேதான் சாப்பாடாம். சீர்காழி தாண்டியதும் கடல் காற்றில் உப்பு தெரிந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்தப் பக்கம் இறால் குளங்கள். அவற்றில் காற்று ஏற்றும் சக்கரங்கள் நுரை தள்ளிக்கொண்டு சுற்றின. தண்ணீர் இல்லாத ஊரில் அவ்வளவு தண்ணீரைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது.

கலியமூர்த்தி வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். ரகுவைப் பார்த்ததும் கை நின்றது. ரகு வேலிப்படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். நான் என்ன சொல்வது என்று தெரியாமல், "பட்டறையிலேர்ந்து வர்றோம்ங்க," என்றேன்.

அவர் என்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார்.

"கேசு எனக்கும் உங்க அப்பாவுக்கும் தம்பி," என்றார். "வண்டி உங்க ரெண்டு பேருக்கும். உள்ள வாங்க."

இளங்கோ பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான். ரகு, "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா," என்றான்.

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்," என்றான் இளங்கோ. "அக்கா இவ்வளவு தூரம் எதுக்கு வந்திருக்காங்க?"

எதற்கென்று சொன்னேன். அந்தப் பாதையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் சொல்லச் சொன்னேன். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பந்தயத்தில் சொல்வது போலவே சொல்ல ஆரம்பித்தான். "இடது, இறுக்கம். உடனே வலது, கொஞ்சம் திறக்குது. மேடு, மேல ஏறும்போது நேரா இரு. இறக்கம், வலது, ரொம்ப இறுக்கம், உள்ள கல்லு." குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல், வேகமாக, நிற்காமல் வந்தது. முந்தைய வருஷம் ஓடிய பாதை அவன் மண்டைக்குள் முழுசாக இருந்தது.

நான் அவன் வார்த்தைகளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் எனக்குப் புரியவும் இல்லை. அப்போது பக்கத்தில் ஏதோ அசைந்தது. ரகு பாயில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தான். அவனுடைய வலது கால் தரையில் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தது. அவனுக்கே அது தெரியவில்லை. ரோடு ஞாபகம் இல்லை என்றவனுக்கு, இளங்கோவின் குரல் கேட்டதும் காலுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

அந்தக் காலைப் பார்க்க ஆரம்பித்தேன். மிதித்தது, தூக்கியது. மிதித்தது, தூக்கியது. பெரும்பாலும் ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்கூட முழுசாக மிதித்து நிற்கவில்லை. பாதை முழுக்க இரண்டே இடத்தில்தான் கால் அழுத்தியபடி இருந்தது. மற்ற நேரமெல்லாம் விட்டு விட்டுப் பிடித்தது. அதாவது, என்ஜின் உச்சிக்குப் போகவே நேரம் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் கீழே விழுந்து, கீழேயிருந்தே எழுந்து வர வேண்டும். எழுந்து வருவதில்தான் அந்த வண்டியின் பிழைப்பே இருந்தது.

இளங்கோ சொல்லி முடித்தான். ரகு கண்ணைத் திறந்தான்.

"தம்பி, உங்க காலைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்," என்றேன். பார்த்ததைச் சொன்னேன். அவன் தன் காலைக் குனிந்து பார்த்தான், யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போல.

"அப்ப இவன் சொன்னதுதான் சரியா?" என்றான்.

"இந்த ரோட்டுக்கு. நீட்டமா நேரா கிடக்கற ரோட்டுல ஓட்டறதா இருந்தா நீங்க சொன்னதைத்தான் போட்டிருப்பேன்."

கலியமூர்த்தி சம்சாரம் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. ரகு எந்த இடத்தில் உட்கார்ந்து பழக்கமோ அந்த இடத்திலேயே இலை போட்டார்கள். அன்று சாயங்காலமே அவன் அந்த வீட்டுக்குப் போனது அவன் அப்பா காதுக்குப் போய்விட்டது. கொஞ்ச காலத்துக்கு அவர் மகனோடு பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஹெட் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புது கம்பெனி ஹெட் எடுத்தோம். காற்று வழியை அகலப்படுத்தவில்லை. வார்ப்பில் துருத்திக்கொண்டிருந்த பிசிறுகளையும், வால்வுக்கு அடியில் இருந்த மேட்டையும் மட்டும் எடுத்தேன். கவனம் முழுக்க எக்ஸாஸ்ட் பக்கம் போனது. சூடு தாங்கும் வால்வு, அது அழுந்தி உட்கார்ந்து சூட்டைக் கடத்த அகலம் குறையாத சீட்டு, அடுக்கு எஃகு கேஸ்கட், கம்பெனி போல்ட்டுக்குப் பதில் வலுவான ஸ்டட். அடிப்பக்கத்தைச் சமப்படுத்துவதில் மட்டும் ரொம்பப் பிடிவாதமாக இருந்தேன். டர்போ வண்டியில் காற்றைத் திணிக்க ஆள் இருக்கிறது. ஹெட்டின் முதல் வேலை, திணித்ததைத் தாங்கிப் பிடிப்பது.

பந்தயத்துக்கு என் கணவரும் நானும் போயிருந்தோம். காற்றாலைகளுக்குக் கீழே புழுதிக்குள்ளிருந்து அந்த வண்டி வளைவை முடித்துக்கொண்டு எழுந்து வந்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. தயங்காமல் எழுந்தது. ஜெயித்தார்கள் என்று எழுத ஆசைதான். இரண்டாவதாக வந்தார்கள். முதலில் வந்த வண்டியில் பெரிய வாய் ஹெட் இருந்தது.

"அதைப் போட்டிருந்தா ஜெயிச்சிருப்போமோ?" என்று ரகு கேட்டான்.

"இருக்கலாம் தம்பி. எனக்குத் தெரியாது," என்றேன்.

இதையும் உங்களுக்குத்தான் சொல்கிறேன். நீங்கள் தேர்ந்தெடுக்காத ஹெட் எப்படி ஓடியிருக்கும் என்று உங்களுக்கு ஒருபோதும் தெரியப் போவதில்லை. ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதற்கு ஒரு காரணம் சொல்ல முடிந்தால் போதும். ஊருக்குத் திரும்பியதும் ஹெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரில் வால்வுகளுக்கு நடுவே ஒரு கோடுகூட இல்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது.

அதற்குப் பிறகு அந்த இருவரும் வாய்தாவுக்கு அதே காரில் ஒன்றாக வர ஆரம்பித்தார்கள். அப்பாக்கள் தனித்தனி பஸ்ஸில் வருவார்கள். பிள்ளைகள் ஒரே காரில் வந்து இறங்கி, கோர்ட் வராந்தாவில் ஆளுக்கு ஒரு பக்கம் போய் நிற்பார்கள். வழக்கு தள்ளிப் போனதும் எங்கள் பட்டறைக்கு வந்து டீ குடிப்பார்கள். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். எண்ணெய் மாற்றுவதா, ஸ்டட்டை மறுபடி இறுக்குவதா என்றுதான் பேச்சு ஓடும். நானும் கேட்டதில்லை. சில வருஷம் அப்படியே போனது. இளங்கோவுக்குக் கல்யாணம் ஆயிற்று, ரகு பந்தயத்தை விட்டான். கழற்றி வைத்திருந்த பின் சீட்டைக் காரில் மறுபடி பூட்டினார்கள்.

தீர்ப்பு வந்தது ஓர் ஐப்பசி மாதம். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் கரை நிறைய ஓடிக்கொண்டிருந்தது; பட்டறையில் வேலை குறைவு. அன்றைக்கு மதியத்துக்கு மேல், எங்கோ யாரோ ஒரு தலைவரைக் கைது செய்துவிட்டார்கள் என்று பஸ்களை நிறுத்திவிட்டார்கள். கடைகள் கதவைப் பாதி இறக்கிவிட்டன. நாங்களும் இறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கார் வந்து நின்றது. முன்பக்கத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

ரகுவும் இளங்கோவும் இறங்கினார்கள். பின் சீட்டிலிருந்து ஒரு பக்கக் கதவைத் திறந்துகொண்டு ரகுவின் அப்பா இறங்கினார். இன்னொரு பக்கம் கலியமூர்த்தி. பஸ் இல்லாததால் இருவருக்கும் வேறு வழி இருந்திருக்காது.

ரகு என் பக்கத்தில் வந்து, "சூடு ஏறிடுச்சு அக்கா. ஹெட்டா?" என்றான்.

குனிந்து பார்த்தேன். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருந்தது, அவ்வளவுதான். "ஹெட் இல்ல. ஹோஸ்தான், மாத்திடலாம். ஆனா சூடு ஆறற வரைக்கும் யாரும் மூடியைத் தொடாதீங்க. எல்லாரும் உட்காருங்க," என்றேன்.

எங்கள் பட்டறையில் இருந்தது ஒரே ஒரு பெஞ்ச். பெரியவர்கள் இருவரும் அதன் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். தீர்ப்பு என்னவென்று இளங்கோ காதோரமாகச் சொன்னான்: குத்தகை உரிமை செல்லும், நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாது. சொல்லும்போது அவன் முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை. ரகு கேட்கும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

மழை தூற ஆரம்பித்தது. நான் டீ சொல்லி அனுப்பலாம் என்றால் கடையும் திறந்திருக்கவில்லை. ரகுவின் அப்பா ரோட்டைப் பார்த்தபடியே, "மேல்முறையீடு பண்ணத்தான் போறேன்," என்றார்.

"பண்ணுங்க," என்றார் கலியமூர்த்தி.

நான் ஹோஸ் கிளிப்பைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் கணவர் உள்ளே லேத்தில் ஏதோ புஷ் கடைந்துகொண்டிருந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். ரகுவின் அப்பா பிறந்ததிலிருந்து கலியமூர்த்தியை 'நீ' என்றுதான் கூப்பிடுவார். கோர்ட் வராந்தாவில்கூட அப்படித்தான் என்று இளங்கோ ஒருமுறை சொல்லியிருக்கிறான். அவர் ஒரு கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்தார் என்றும் சொல்ல முடியாது. அந்த வீட்டில் எல்லாருக்கும் நாக்கு அப்படித்தான் பழகியிருந்தது. என் அப்பாவை அப்படிக் கூப்பிட்ட சின்னப் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மழை கொஞ்சம் வலுத்தது. ரகுவின் அப்பா பெஞ்சில் திரும்பினார்.

"சம்பாவுக்கு என்ன ரகம் விட்டிருக்கீங்க?" என்றார்.

இளங்கோ ரகுவைப் பார்த்தான். என் கையில் கிளிப் அப்படியே நின்றது. உள்ளே லேத்தின் சத்தம் நின்றுவிட்டது. என் கணவர் சுவிட்சை அணைத்திருந்தார்.

கலியமூர்த்தி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொன்மணிதாங்க," என்றார். "நல்லா வந்திருக்கு. வந்து பாருங்க."